சித்ரோயன் 2 சி.வி. காரைப் பிரான்சிலிருந்து மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து பதிவு செய்ய முடியுமா?

கல்லடி வாசகன்:

அனைவருக்கும் வணக்கம். பழைய ஐரோப்பியக் கார்களில் ஈடுபாடும் நம் நாட்டின் வாகனப் பதிவு நடைமுறையில் அனுபவமும் உள்ளவர்களின் ஆலோசனையை வேண்டி இதை எழுதுகிறேன்.

என் தாய்மாமா பல ஆண்டுகளாகப் பிரான்சின் லியோன் நகரில் வசிக்கிறார். 1984ஆம் ஆண்டில் தயாரான சித்ரோயன் 2 சி.வி. கார் ஒன்றை அவர் மிகுந்த கவனத்தோடு பராமரித்து வருகிறார். 602 சி.சி. கொள்ளளவுடைய, காற்றினால் குளிரும் இரண்டு சிலிண்டர் எஞ்சின், பின்னோக்கிச் சுருட்டி வைக்கக்கூடிய துணிக் கூரை, பாதியில் மடித்து மேலே கொளுவும் முன்கதவுக் கண்ணாடிகள், டாஷ்போர்டிலிருந்து நேராக நீட்டிக்கொண்டிருக்கும் கியர்த் தடி ஆகியவற்றைப் படத்தில் பார்த்த நாளிலிருந்தே எனக்கு அந்தக் கார் மீது தீராத விருப்பம் உண்டு. மாமா ஓய்வுபெற்றதும் ஊரோடு வந்து இருக்க எண்ணியிருக்கிறார். வரும்போது காரையும் கொண்டுவந்து எனக்கே தந்துவிடலாம் என்கிறார்.

1948ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்ட இந்தக் கார், பிரான்சின் கிராமத்து விவசாயிகளை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. உழுத வயலுக்குக் குறுக்கே ஒரு கூடை முட்டையை உடையாமல் கொண்டுபோகக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அதை வடிவமைத்தவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று. படுவான்கரையின் வயல்வீதிகளில் அடிக்கடி போய்வருபவன் என்ற வகையில், அந்த நிபந்தனையின் அருமை எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

காரின் ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கிறது. நாற்பது ஆண்டுகளைத் தாண்டிய, இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட ஒரு காரை இங்கே சட்டப்படி இறக்குமதி செய்து, இலங்கை எண் பெற்று, வீதியில் ஓட்ட வழி இருக்கிறதா? ஸ்டியரிங்கை வலப்பக்கத்துக்கு மாற்றினால் அனுமதி கிடைக்குமா? கச்சான் காற்று வீசும் மாதங்களில், தண்ணீரே இல்லாமல் காற்றினால் மட்டும் குளிரும் இந்த எஞ்சின் நம் ஊர் வெப்பத்தைத் தாங்குமா? விவரம் அறிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

கல்முனை கராஜ்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தம்பி. கல்முனையில் நெடுங்காலமாகப் பழைய கார்களைத் திருத்தி வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்: பதிவு கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அந்தக் காரைக் கப்பலில் ஏற்ற வேண்டாம்.

நம் நாட்டில் வாகனம் இடப்பக்கமாகச் செல்வதால் ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். தூதரக வாகனங்கள் போன்ற சிறப்பு நிலைகளை விட்டால், இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட காரை ஒரு சாதாரண குடிமகன் கொண்டுவந்து தன் பெயரில் பதிவதற்குப் பொதுவான வழி கிடையாது. இதைவிடப் பெரிய தடை காரின் வயது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது என்னவோ உண்மைதான். ஆனால் இறக்குமதியாகும் கார் தயாரிக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருக்க வேண்டும் என்ற எல்லை அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வர்த்தமானி அறிவித்தல்களால் அந்த எல்லை கூடலாம், குறையலாம். நாற்பது ஆண்டுக் கார் அந்த எல்லைக்கு வெகு தூரம் வெளியே நிற்கிறது. எல்லையைத் தாண்டிய வாகனம் என்றால் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பிறகே கப்பலைப் பற்றிப் பேச வேண்டும். அனுமதியில்லாமல் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த காருக்கு ஒவ்வொரு நாளும் தாமதக் கட்டணம் ஏறும், கடைசியில் சுங்கம் அதைப் பறிமுதல் செய்யவும் கூடும்.

ஸ்டியரிங்கை மாற்றுவது தொழில்நுட்ப ரீதியில் நடக்கக்கூடிய காரியம்தான். பிரித்தானியாவின் ஸ்லவ் நகரில் 1953 முதல் 1960 வரை வலப்பக்க ஸ்டியரிங்குடன் 2 சி.வி. கார்களைச் செய்தார்கள். எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் 1974இல் அந்த நாட்டுச் சந்தைக்கு அது மீண்டும் வந்தபோதும் வலப்பக்க ஸ்டியரிங்குடனேயே வந்தது. ஆகவே அதற்குரிய ஸ்டியரிங் றாக், பெடல் தொகுதி, டாஷ்போர்ட் எல்லாம் பிரித்தானியாவில் தேடினால் கிடைக்கும். ஆனால் இத்தனையும் செய்து முடித்தாலும் காரின் பிறந்த ஆண்டு மாறப்போவதில்லை. ஒரு பூட்டைத் திறந்தாலும் மற்றது பூட்டியபடியே இருக்கும் என்பதால், அந்தச் செலவுக்கு நான் ஒருபோதும் ஆலோசனை சொல்ல மாட்டேன்.

ஸ்டியரிங்கோடு சேர்த்து யோசிக்க வேண்டிய இன்னொன்று முன்விளக்கு. பிரான்சுக்காகச் செய்த விளக்கு, ஒளியைத் தாழ்த்தும்போது தன் வலப்பக்க ஓரத்தை நோக்கிச் சற்று உயர்த்திக் காட்டும். அதே விளக்கை இங்கே எரித்தால் எதிரே வரும் சாரதியின் கண்ணிலேயே அடிக்கும். 1993 வரை பிரான்சில் புதிய கார்களுக்கு மஞ்சள் முன்விளக்கு கட்டாயமாக இருந்ததால் மாமாவின் காரிலும் அதுவே இருக்கக்கூடும். எனவே பல்பை மட்டுமல்லாமல் விளக்கின் கண்ணாடியையும் மாற்ற வேண்டிவரும்.

எஞ்சினைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கிறாங் தண்டின் முனையிலேயே பொருத்தப்பட்ட பெரிய விசிறி, எஞ்சின் சுழலும் வரை காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். அதோடு எண்ணெயைக் குளிர்விக்கும் சிறு றேடியேற்றரும் உண்டு. அதன் இதழ்களுக்கிடையில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடையாமல் பார்த்துக்கொண்டால் கச்சான் காலத்திலும் ஓடும். மடகஸ்காரின் அந்தனனரிவோ நகரத்து மேடுகளில் இந்தக் கார்கள் இன்றும் வாடகைக் கார்களாக ஏறி இறங்குகின்றன.

எனக்குப் பயம் பிறேக்கில்தான். 1981இலிருந்து இந்தக் காரின் முன்பக்கத்தில் டிஸ்க் பிறேக் வந்தது. அதற்கு எல்.எச்.எம். எனப்படும் பச்சை நிறக் கனிம எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். விவரம் அறியாத ஒருவர் கடையில் கிடைக்கும் சாதாரண பிறேக் எண்ணெயை ஊற்றினால் உள்ளேயிருக்கும் றப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டு, பிறேக் பிடிக்காமலே போகும்.

ஆரையம்பதியான், ஸ்டுட்கார்ட்:

கல்லடி நண்பருக்கு வணக்கம். கல்முனைக் காக்கா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் ஜேர்மனியில் ஒரு பழைய கார் ஆர்வலர் குழுவில் இருப்பதால், இதே கார்களை மற்ற நாடுகள் எப்படிப் பார்க்கின்றன என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஐரோப்பாவில் பொதுவான போக்கு, கார் மூப்படைய மூப்படையச் சட்டம் அதற்கு இடம் கொடுப்பதே. ஜேர்மனியில் முப்பது ஆண்டுகளைக் கடந்து, தயாரிப்பு நிலையிலிருந்து பெரிதாக மாறாமல் நல்ல நிலையில் இருக்கும் காருக்கு எண்ணின் இறுதியில் ‘எச்’ என்ற எழுத்தைச் சேர்த்து வழங்குகிறார்கள். 1997இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டினால், புகை கக்கும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்ட திரபான்ட் கார்கள்கூட, பழைய வாகனங்கள் நுழையக் கூடாத நகர வலயங்களுக்குள் உரிமையோடு செல்கின்றன. பருத்திக் கழிவையும் செயற்கைப் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த உடலும், எஞ்சினுக்கு மேலேயே பெற்றோல் தாங்கியும், 26 குதிரைவலுவும் கொண்ட அந்தக் கிழக்கு ஜேர்மன் கார், இன்று இங்கே ஒரு பண்பாட்டுச் சொத்தாகவே மதிக்கப்படுகிறது. பிரான்சிலும் முப்பது ஆண்டு கடந்த கார்களுக்குச் சேகரிப்பு வாகனம் என்ற தனிப் பதிவு உண்டு. அந்தப் பதிவு இருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தொழில்நுட்பப் பரிசோதனைக்குப் போனால் போதும். பிரித்தானியாவில் நாற்பது ஆண்டு கடந்த, பெரிய மாற்றங்கள் செய்யப்படாத காருக்கு 2018 மே மாதத்திலிருந்து வருடாந்தப் பரிசோதனையே கட்டாயமில்லை.

கடல் கடந்த நாடுகளிலும் வயதுதான் கதவைத் திறக்கிறது. கனடாவில் 15 ஆண்டும் அமெரிக்காவில் 25 ஆண்டும் கடந்த கார்கள், அந்தந்த நாட்டின் புதிய கார்களுக்கான பாதுகாப்புத் தரங்களிலிருந்து விலக்குப் பெறுகின்றன. ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதும் அங்கே தடையாவதில்லை. இந்தியாவில் 2021இல் வந்த விதிகள், ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு அளிக்கின்றன. இலங்கையில் மட்டும் இறக்குமதி என்று வரும்போது வயது எதிராகவே வேலை செய்கிறது. அந்நியச் செலாவணியையும் வீதி நெரிசலையும் காரணம் காட்டலாம். இருந்தாலும் ஆண்டுக்குச் சில நூறு கிலோமீற்றர் மட்டும் ஓடும் இத்தகைய கார்களுக்கென்று குறைந்த எண்ணிக்கையில் ஒரு தனி அனுமதி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சட்டத்துக்கேற்பக் காரின் வடிவமே மாறியதற்கும் உதாரணம் இருக்கிறது. இத்தாலியில் பிறந்து பீ.எம்.டபிள்யூ. நிறுவனம் எடுத்து வளர்த்த இசெற்றா என்ற சிறு காரின் முன்முகம் முழுவதுமே கதவு. அதைத் திறந்தால் ஸ்டியரிங்கும் கூடவே வெளியே நகரும். பிரித்தானியாவின் பிரைட்டன் நகரில் அதைத் தயாரித்தபோது, பின்னால் நெருங்கி இருந்த இரண்டு சக்கரங்களுக்குப் பதிலாக ஒரே சக்கரம் வைத்தும் செய்தார்கள். மூன்று சக்கர வண்டியாக அது கணக்கிடப்பட்டதால் மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரம் உள்ளவரும் ஓட்டலாம், வரியும் குறைவு.

மாமா தன் காரை ஊரில் ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால் கார்னே எனப்படும் தற்காலிக இறக்குமதி ஆவணம் ஒன்று உண்டு. பிரான்ஸ் எண்ணோடேயே காரைக் கொண்டுவந்து, குறித்த காலத்துக்குள் திருப்பி ஏற்றிவிடுவதாகப் பிணைப்பணம் கட்டி ஒரு மோட்டார் சங்கத்தின் மூலம் பெறுவது அது. ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக உலகம் சுற்றுபவர்கள் இடப்பக்க ஸ்டியரிங் வண்டிகளோடு இலங்கைக்குள் வந்துபோவது இந்த ஆவணத்தினால்தான். ஆனால் அது வெளிநாட்டில் வசிக்கும் பயணிக்கானது. மாமா ஊரில் நிரந்தரமாகத் தங்கிவிட்டால் பயன்படாது, உங்கள் கையில் காரைக் கொடுத்துவிட்டுப் போகவும் முடியாது.

கல்லடி வாசகன்:

காக்காவுக்கும் ஆரையம்பதி அண்ணாவுக்கும் மிக்க நன்றி. மாமாவிடம் இவற்றை எடுத்துச் சொன்னேன். காரை லியோனிலேயே சேகரிப்பு வாகனமாகப் பதிந்து வைத்திருக்க அவர் சம்மதித்துவிட்டார்.

இரண்டு விடயங்களை மட்டும் தெளிவுபடுத்த வேண்டும். காரைக் கழற்றி உதிரிப்பாகங்களாக அனுப்பி, இங்கே பூட்டி, ஓடாத ஒரு பழைய காரின் எண்ணில் ஓட்டலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மற்றது, அக்கரைப்பற்றில் ஒரு வீட்டின் கொட்டிலில் ‘1 ஸ்ரீ’ எண்ணுள்ள மொரிஸ் மைனர் 1000 கார் ஒன்று பல ஆண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. உரிமையாளர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் விற்க விரும்புகிறார்கள். பதிவுப் புத்தகம் இருக்கிறது. அதை வாங்கி வீதிக்குக் கொண்டுவருவது 2 சி.வி.யைக் கொண்டுவருவதை விட எளிதாக இருக்குமா?

அம்பாறை ஓய்வுநிலை எழுதுவினைஞர்:

மகன், உங்களுக்குச் சரியாகப் படாதது சரியல்லாததுதான். ஒரு காரின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே முழுப் பதிவு முறையின் அத்திவாரம். வேறொரு காரின் எண்ணைத் தகட்டில் மாட்டி ஓட்டுவது குற்றம். பிடிபட்டால் காரும் போகும், வழக்கும் வரும். காப்புறுதி இருந்தும் விபத்தின்போது அது செல்லாது. அப்படிப்பட்ட வண்டியை அறியாமல் வாங்கி நீதிமன்ற வாசலில் நிற்கும் மனிதர்களை நான் கடமையாற்றிய காலத்தில் பார்த்திருக்கிறேன்.

அக்கரைப்பற்றுக் கார் முற்றிலும் வேறு விடயம். அது எவ்வளவு பழையதானாலும் ஏற்கெனவே இந்த நாட்டின் பதிவேட்டில் இருக்கும் கார். இறக்குமதி அனுமதி, வயது எல்லை, சுங்கத் தீர்வை எதுவும் அதற்குப் பொருந்தாது. ‘சிலோன்’ என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து எடுத்த எழுத்துகளை எண்ணுக்கு முன்னால் போட்ட காலத்துக்குப் பிறகு, 1950களின் பிற்பகுதியில் வந்தது ஸ்ரீ வரிசை. அந்த எழுத்துக்கு எதிராக வடக்கு கிழக்கில் எழுந்த போராட்டத்தை நம் மூத்தவர்கள் அறிவார்கள். அந்த வரிசையில் பதிவான கார்கள் இன்றும் செல்லுபடியாகும் எண்ணுடனேயே ஓடுகின்றன.

வாங்குவதற்கு முன் பதிவுப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குப் போங்கள். அடிச்சட்ட எண், எஞ்சின் எண், எரிபொருள் வகை, நிறம் ஆகிய ஒவ்வொன்றையும் காரோடு ஒப்பிடுங்கள். பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில் இத்தகைய கார்களுக்கு ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பூட்டியவர்கள் பலர். அவர்களில் எல்லோரும் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதியவில்லை. எஞ்சின் எண் வேறுபட்டால் அதைத் திருத்துவது விற்பவரின் பொறுப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். அடிச்சட்ட எண் வேறுபட்டாலோ, சுரண்டியோ மறுபடி ஒட்டியோ இருந்தாலோ, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

உரிமையாளர் காலமானதால் பிள்ளைகள் நேரடியாகக் கையொப்பமிட்டு விற்க முடியாது. மரணச் சான்றிதழோடும் உரித்தை நிரூபிக்கும் ஆவணங்களோடும் கார் முதலில் அவர்களுள் ஒருவர் பெயருக்கு வர வேண்டும். எல்லாப் பிள்ளைகளின் சம்மதமும் வேண்டும். ஒரு பிள்ளை வெளிநாட்டில் இருந்தால் அதற்கே மாதக்கணக்கில் ஆகும் என்பதால், முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். அதன் பிறகு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 என்ற உரிமை மாற்றப் படிவங்களை நிரப்பி உங்கள் பெயருக்கு மாற்றலாம். கார் பாவனையில் இல்லை என்று அவர்கள் பிரதேச செயலகத்துக்கு அறிவித்திருந்தார்களா என்றும் கேளுங்கள். அறிவிக்காமல் விட்டிருந்தால், ஓடாமல் நின்ற ஆண்டுகளுக்கான வருமான அனுமதிப்பத்திரக் கட்டணமும் தண்டமும் உங்கள் தலையில் விழும். விலை பேசும்போது அந்தத் தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டும். புகைப் பரிசோதனைச் சான்றிதழும் காப்புறுதியும் இருந்தால்தான் புதிய அனுமதிப்பத்திரம் கிடைக்கும்.

கல்முனை கராஜ்:

ஐயா எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. காரைப் பார்க்கப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள், சாய்ந்தமருதில் சந்தித்து இருவருமாகப் போகலாம்.

மொரிஸ் மைனரை ஒரு சாதாரண கார் என்று நினைத்துவிடாதீர்கள். பிற்காலத்தில் மினி காரைப் படைத்த அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 2 சி.வி. வந்த அதே 1948இல் வெளிவந்து, பத்து இலட்சத்துக்கு மேல் விற்ற முதல் பிரித்தானியக் கார் அது. ‘1000’ என்று பெயரிருந்தால் 1956க்குப் பின் வந்தது, 948 சி.சி. எஞ்சினும் பிளவில்லாத ஒற்றை முன்கண்ணாடியும் இருக்கும். 1962க்குப் பிந்தியதானால் 1098 சி.சி. இருக்க வேண்டும். புத்தகத்தில் உள்ள கொள்ளளவோடு இதையும் ஒப்பிடலாம். உதிரிப்பாகங்களுக்கும் பஞ்சமில்லை. பிரித்தானியாவின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைப் புதுப்பித்து வந்த சார்ல்ஸ் வேர், 1990களில் இலங்கையிலேயே அதன் தகட்டுப் பாகங்களைச் செய்விக்கும் தொழிலைத் தொடங்கினார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

நம் கரையோரத்து உப்புக்காற்றில் நின்ற கார் என்பதால் மேற்பூச்சைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. கீழே படுத்து, முன்கதவுகளுக்கு அடியில் ஓடும் நீளப் பெட்டியையும், பின் வில்தட்டுகள் வந்து பூட்டும் இடத்தையும் ஒரு ஸ்க்ரூ ட்றைவரால் குத்திப் பார்க்க வேண்டும். நல்ல தகடு ஓசை கொடுக்கும். உக்கிய தகட்டுக்குள் முனை இறங்கும். அந்தப் பெட்டிகளே காரின் முதுகெலும்பு. அவை உக்கியிருந்தால் டிங்கர் வேலைக்கு எஞ்சினை விடக் கூடச் செலவாகும்.

2002இல் ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே கார் நின்றுவிட்டதா, பின்னரும் ஓடியதா என்று வீட்டாரிடம் கேளுங்கள். பழைய சிலிண்டர் மூடியில் வால்வு அமரும் இடங்கள் ஈயத்தை நம்பியே தேய்மானத்தைத் தாங்கின. மாற்றாமல் நீண்ட தூரம் ஓடினால் அவை மெல்லக் குழிந்து, எஞ்சின் வலு குறையும், புகைப் பரிசோதனையிலும் தேறாது. மூடியைக் கழற்றி லேத் பட்டறையில் கடினமான உருக்கு வளையங்களைப் பதித்துவிட்டால், 92 ஒக்ரேன் பெற்றோலிலேயே காலம் முழுவதும் ஓட்டலாம்.

எஞ்சின் பற்றிக்கொண்டாலும் அன்றைக்கே வீதியில் இறக்க நான் விடமாட்டேன். முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ் மூட்டில் மரை வெட்டிய பித்தளைத் துண்டு ஒன்று இருக்கிறது. கிறீஸ் அடிக்காமல் விட்டால் அந்த மரை தேய்ந்து, ஒருநாள் ஓடும்போதே மூட்டுக் கழன்று சக்கரம் உள்ளே மடிந்துவிடும். மைனரின் பேர்போன பலவீனம் இது ஒன்றுதான். இரு பக்கமும் கழற்றிப் பார்த்து, தேய்ந்திருந்தால் புதிதாகப் போட்டு, அதன் பின் மூவாயிரம் மைலுக்கு ஒருமுறையாவது கிறீஸ் துப்பாக்கியை அந்த முனையில் வைத்து, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும் வரை அடிக்க வேண்டும். பிறேக் குழாய்களையும் நான்கு சக்கரச் சிலிண்டர்களையும் பார்க்காமலே மாற்றிவிடுவோம். இத்தனை ஆண்டுகள் நின்ற காரில் அவற்றை நம்பக் கூடாது.